முட்டைக்காக மூண்ட போர்!

குட்டீஸ், கார்ட்டூன் படங்களில் சண்டைக் காட்சி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பேர் கட்டிப் புரளுவார்கள். ஒரே புழுதி மண்டலம்! அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒரு கை நீளும். ஒரு கால் எட்டிப் பார்க்கும். மேலே நாலைந்து நட்சத்திரங்கள் சுற்றும். யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாது.

இப்போது இந்தப் படங்கள் மீம்களாகி, அப்பா அம்மாவின் செல்போனுக்கும் வந்துவிடுகின்றன. ஒருவர் தலைக்கு மேல், இட்லிக்குச் சட்னிதான் என்று எழுதியிருக்கும். மற்றவர் தலைக்கு மேல், இட்லிக்குச் சாம்பார்தான் என்று எழுதியிருக்கும். பார்த்தவுடன் சிரிப்பு வந்துவிடும். அட, இதற்கா இத்தனை அடிதடி என்று தோன்றும்.

செல்போனும் கார்ட்டூனும் இல்லாத காலத்தில், சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே, இதே வேலையை ஒருவர் செய்து காட்டினார். அதுவும் படம் எதுவும் வரையாமல், வெறும் எழுத்தாலேயே! அவர்தான் ஜோனத்தன் ஸ்விஃப்ட். 'கலிவரின் பயணங்கள்' என்ற புகழ்பெற்ற கதையை எழுதியவர்.

கடற்கரையில் மயங்கிக் கிடந்த கலிவரைக் குட்டி மனிதர்கள் கயிறுகளால் கட்டிப்போட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் குட்டி மனிதர்கள் பக்கத்துத் தீவுக்காரர்களோடு எதற்காகப் போர் செய்தார்கள், தெரியுமா? அவித்த முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காக!

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? ஆனால், இதை எழுதியவர் வாழ்க்கையில் சண்டைகளால் பட்ட வேதனை கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

தந்தை முகம் காணாத பிள்ளை

அயர்லாந்து நாட்டின் தலைநகரம் டப்ளின். அங்கே 1667-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஸ்விஃப்ட் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே தந்தை இறந்துவிட்டார். தாயிடம் பண வசதி இல்லை.

குழந்தையாக இருந்தபோது இன்னொரு விசித்திரமும் நடந்தது. ஸ்விஃப்டை வளர்த்து வந்த செவிலித்தாய்க்கு அவர் மீது அளவில்லாத பாசம். அந்தப் பெண் தன் ஊரான இங்கிலாந்தின் வைட்ஹேவனுக்குப் போக நேர்ந்தபோது, குழந்தையை விட்டுப் பிரிய மனமில்லாமல் கப்பலில் கூடவே தூக்கிக்கொண்டு போய்விட்டார்! சில ஆண்டுகள் அங்கேயே வளர்ந்தார் ஸ்விஃப்ட். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

பிறகு அயர்லாந்து திரும்பினார். வழக்கறிஞராக இருந்த பெரியப்பா காட்வின் அவரைக் கில்கென்னி என்ற ஊரில் நல்ல பள்ளியில் சேர்த்தார். அடுத்து டப்ளினில் டிரினிட்டி கல்லூரி. அங்கே அவர் முதல் மாணவர் எல்லாம் இல்லை. 1686-ஆம் ஆண்டு, சிறப்புச் சலுகை என்ற பெயரில்தான் அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். அப்படிப் பட்டம் வாங்கிய மாணவர்தான் பிற்காலத்தில் ஆங்கில மொழியின் மிகச் சிறந்த எழுத்தாளர்களில் ஒருவரானார்.

1689-ஆம் ஆண்டு அயர்லாந்தில் கலவரம் மூண்டது. இளைஞரான ஸ்விஃப்ட் இங்கிலாந்து போய், சர் வில்லியம் டெம்பிள் என்ற பெரியவரிடம் செயலாளராகச் சேர்ந்தார். வெளிநாடுகளுக்குத் தூதராகப் போய்வந்து ஓய்வு பெற்றவர் டெம்பிள். அவர் வீட்டில் ஏராளமான புத்தகங்கள் இருந்தன. ஸ்விஃப்ட் அவற்றை விழுந்து விழுந்து படித்தார். அதே வீட்டில் எஸ்தர் என்ற 8 வயதுச் சிறுமியும் இருந்தாள். அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பும் ஸ்விஃப்டிடம் வந்தது. எஸ்தர் கடைசிவரை அவருடைய மிக நெருங்கிய தோழியாக இருந்தார்.

புத்தகங்கள் போட்ட சண்டை

அந்தக் காலத்து அறிஞர்கள் நடுவே ஒரு பெரிய வாக்குவாதம் நடந்து கொண்டிருந்தது. பழங்கால கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்கள் உயர்ந்தவர்களா, இக்காலத்து எழுத்தாளர்கள் உயர்ந்தவர்களா என்பதுதான் விஷயம். டெம்பிள் பழங்காலத்தவர் பக்கம் நின்று ஒரு கட்டுரை எழுதினார். எதிர்த்தரப்பு பதில் எழுதியது. அதற்கு ஒரு மறுப்பு, மறுப்புக்கு ஒரு மறுப்பு என்று வளர்ந்தது.

இதைப் பார்த்த ஸ்விஃப்ட் 'புத்தகங்களின் போர்' என்று ஒரு நூல் எழுதினார். அதில் லண்டன் அரச மாளிகை நூலகத்தில் இருக்கும் புத்தகங்களே அலமாரியிலிருந்து இறங்கி அடித்துக் கொள்கின்றன! பழைய புத்தகங்கள் ஒரு படை. புதிய புத்தகங்கள் இன்னொரு படை. நம் கார்ட்டூன் புழுதி மண்டலம் போலவே ஒரு காட்சி.

கடைசியில் வென்றது யார்? அதுதான் வேடிக்கை. கையெழுத்துப் பிரதியின் மிச்சப் பகுதி கிடைக்கவில்லை என்பதுபோல எழுதி, முடிவைச் சொல்லாமலே நிறுத்திவிட்டார் ஸ்விஃப்ட். இந்த நூல் 1704-ஆம் ஆண்டு வெளிவந்தது.

இதற்கிடையே அவர் பாதிரியார் ஆகிவிட்டார். அயர்லாந்தில் லாரகார் என்ற சிற்றூரில் ஒரு சிறிய தேவாலயம் அவர் பொறுப்பில் இருந்தது. பிரார்த்தனைக்குக் கூடும் கூட்டம் மிகவும் குறைவு. எழுதுவதற்கு நிறைய நேரம் கிடைத்தது!

ஊரே சிரித்த கேலி

ஸ்விஃப்டின் கேலி எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஓர் உதாரணம்.

லண்டனில் ஜான் பார்ட்ரிட்ஜ் என்ற சோதிடர் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிட்டு வந்தார். அதில் இன்னார் இறப்பார், இன்னது நடக்கும் என்றெல்லாம் எழுதுவார். 1708-ஆம் ஆண்டு, ஐசக் பிக்கர்ஸ்டாஃப் என்ற பொய்ப் பெயரில் ஸ்விஃப்ட் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் மார்ச் 29-ஆம் தேதி இரவு பார்ட்ரிட்ஜ் காய்ச்சலில் இறந்துவிடுவார் என்று சோதிடம் சொன்னார்! தேதி கடந்ததும், சோதிடர் இறந்தே விட்டார் என்று இன்னொரு நூலும் வந்தது.

உயிரோடு இருந்த பார்ட்ரிட்ஜ், தான் சாகவில்லை என்று எழுதி நிரூபிக்க வேண்டிய நிலைக்கு ஆளானார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்க முடியாமல் இருந்தவர் பார்ட்ரிட்ஜ் ஒருவர்தான்.

அந்தப் பொய்ப் பெயர் மிகவும் பிரபலமாகிவிட்டது. ஸ்விஃப்டின் நண்பரும் எழுத்தாளருமான ரிச்சர்ட் ஸ்டீல், அடுத்த ஆண்டு தான் தொடங்கிய பத்திரிகையை அதே பெயரில் எழுதினார். அந்த அளவுக்கு அவர்கள் நண்பர்கள்.

நட்பை முறித்த கட்சிகள்

அப்போது இங்கிலாந்தில் இரண்டு பெரிய கட்சிகள் இருந்தன. ஒன்று விக், மற்றொன்று டோரி. ஸ்விஃப்ட் முதலில் விக் கட்சிக்காரர்களோடு நெருக்கமாக இருந்தார். 1710-ஆம் ஆண்டு டோரிகள் ஆட்சிக்கு வந்தபோது, அவர்கள் பக்கம் சேர்ந்தார். அவர்களுக்காகப் பத்திரிகையில் காரசாரமாக எழுதினார்.

ஸ்டீல் விக் கட்சிக்காரர். முடிவு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1713-ஆம் ஆண்டு இருவரும் அச்சிலேயே ஒருவரையொருவர் தாக்கிக் கொண்டார்கள். ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்ட நட்பு முறிந்தது. 1714-ஆம் ஆண்டு, எழுதியதற்காக ஸ்டீலை நாடாளுமன்றத்தை விட்டே வெளியேற்றினார்கள். அவருக்கு எதிராக எழுதியவர்களில் ஸ்விஃப்டும் ஒருவர்.

ஆம் குட்டீஸ், வீண் சண்டைகளைக் கேலி செய்தவர், தானே ஒரு புழுதி மண்டலத்துக்குள் சிக்கிக்கொண்டார்!

அதைவிடப் பெரிய அடி இன்னொன்று காத்திருந்தது. டோரி அரசில் இரண்டு பெரிய தலைவர்கள். ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டு பிரபு. இன்னொருவர் போலிங்புரோக் பிரபு. இருவருமே ஸ்விஃப்டின் நண்பர்கள். இருவரும் ஒரே கட்சி. ஒரே அமைச்சரவை. ஆனால், யார் பெரியவர் என்பதில் போட்டி வந்துவிட்டது. ஒருவர் செய்வதை மற்றவர் தடுப்பது வழக்கமாகிவிட்டது.

ஸ்விஃப்ட் இருவரையும் சமாதானம் செய்யப் படாதபாடு பட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. மனம் வெறுத்துப்போய், 1714-ஆம் ஆண்டு லண்டனை விட்டு ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார்.

அடுத்து நடந்தவை மளமளவென்று நடந்தன. ஜூலை 27-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டைப் பதவியிலிருந்து நீக்கினார் ராணி ஆன். போலிங்புரோக் வென்றுவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. ஐந்தே நாளில், ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ராணி இறந்துவிட்டார். புதிய மன்னர் விக் கட்சியை ஆட்சியில் அமர்த்தினார். போலிங்புரோக் உயிருக்குப் பயந்து பிரான்சுக்கு ஓடினார். ஆக்ஸ்ஃபோர்டு லண்டன் கோட்டைச் சிறையில் இரண்டு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். இரண்டு பேர் சண்டை போட்டார்கள். இரண்டு பேருமே தோற்றார்கள்.

ஸ்விஃப்டின் கனவுகளும் அதோடு முடிந்தன. இங்கிலாந்தில் உயர்ந்த பதவி கிடைக்கும் என்று நம்பியிருந்தவர், டப்ளினுக்கே திரும்பினார். அங்கே செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் டீன், அதாவது தலைமைப் பாதிரியார் பொறுப்பு 1713-லேயே அவருக்குக் கிடைத்திருந்தது. மீதி வாழ்நாள் முழுவதும் அந்தப் பதவியில்தான் இருந்தார்.

சண்டை போட வேண்டிய இடம்

அப்படியானால், இனிமேல் எந்த வம்புக்கும் போவதில்லை என்று ஸ்விஃப்ட் வாயை மூடிக்கொண்டு இருந்தாரா? இல்லை.

அயர்லாந்து மக்கள் வறுமையில் வாடினார்கள். இங்கிலாந்து போட்ட சட்டங்களால் அங்கே தொழில்கள் நசிந்தன. இந்த நிலையில், வில்லியம் வுட் என்ற இங்கிலாந்து வியாபாரிக்கு, அயர்லாந்தில் புழங்குவதற்கான செப்புக் காசுகளை அச்சடிக்கும் உரிமை கொடுக்கப்பட்டது. அயர்லாந்து மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மட்டமான காசுகள் வந்து குவிந்தால், நல்ல பணம் எல்லாம் நாட்டை விட்டுப் போய்விடும் என்று மக்கள் பயந்தார்கள்.

1724-ஆம் ஆண்டு, ஒரு துணிக்கடைக்காரர் எழுதுவதுபோல ஸ்விஃப்ட் கடிதங்களை எழுதி அச்சிட்டார். கடைக்காரர், விவசாயி என எல்லோருக்கும் புரியும் எளிய நடை. இந்தக் காசை யாரும் வாங்காதீர்கள் என்பதே அவற்றின் சாரம். நாடே ஒன்றுபட்டது. கோபமடைந்த அரசு, கடிதம் எழுதியவரைக் காட்டிக் கொடுத்தால் 300 பவுண்டு பரிசு என்று அறிவித்தது. அது அப்போது பெரிய தொகை. எழுதியது யார் என்று டப்ளின் நகரத்துக்கே தெரியும். ஆனால், ஒருவர்கூடக் காட்டிக் கொடுக்கவில்லை! 1725-ஆம் ஆண்டு அந்தக் காசுத் திட்டம் கைவிடப்பட்டது.

பார்த்தீர்களா குட்டீஸ், எல்லாச் சண்டையும் வீண் சண்டை அல்ல. ஏழைகளின் கஞ்சியில் மண் விழும்போது எதிர்த்து நின்றே ஆக வேண்டும். எந்தச் சண்டை வேண்டியது, எந்தச் சண்டை வேண்டாதது என்று பிரித்தறிவதில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் அவர் அடுத்த புத்தகத்தை எழுதினார்.

உங்கள் ஸ்கேல் அளவு மனிதர்கள்

'கலிவரின் பயணங்கள்' 1726-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி லண்டனில் வெளியானது. அதில் ஸ்விஃப்டின் பெயரே இல்லை! கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, வேறொருவரைக் கொண்டு நகல் எடுத்து, இரகசியமாகப் பதிப்பாளரிடம் சேர்த்திருந்தார்கள். அரசாங்கத்தையே கேலி செய்யும் புத்தகம் அல்லவா? அச்சடித்த பிரதிகள் எல்லாம் ஒரே வாரத்தில் விற்றுத் தீர்ந்தன. அமைச்சர்கள் முதல் குழந்தைகள் வரை எல்லோரும் படித்தார்கள்.

கதையில் கலிவர் ஒரு கப்பல் மருத்துவர். கப்பல் உடைந்து, லில்லிபுட் என்ற தீவில் கரை ஒதுங்குகிறார். அங்கே மனிதர்களின் உயரம் ஆறு அங்குலத்துக்கும் குறைவு. உங்கள் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 செ.மீ. ஸ்கேலை நிமிர்த்தி வையுங்கள். அவ்வளவுதான் அவர்கள் உயரம்!

அந்தக் குட்டி நாட்டிலும் இரண்டு கட்சிகள். ஒரு கட்சிக்காரர்கள் உயரமான குதிகால் வைத்த செருப்பு அணிவார்கள். மற்றவர்கள் தாழ்ந்த குதிகால் வைத்த செருப்பு அணிவார்கள். இருவரும் சேர்ந்து சாப்பிட மாட்டார்கள். பேசிக்கொள்ளக்கூட மாட்டார்கள். பாவம் அந்த நாட்டு இளவரசர்! இரண்டு பக்கத்தையும் திருப்திப்படுத்த நினைத்தோ என்னவோ, ஒரு கால் செருப்பில் குதிகால் உயரமாகவும், மறு கால் செருப்பில் தாழ்வாகவும் வைத்துக்கொண்டு நொண்டி நொண்டி நடப்பார்.

விக், டோரி கட்சிகளைத்தான் ஸ்விஃப்ட் இப்படிச் சொன்னார் என்று அக்காலத்தில் படித்த எல்லோருக்கும் புரிந்தது.

இனி முட்டைக்கு வருவோம்.

விரலில் பட்ட காயம்

லில்லிபுட்டில் முட்டையை அகலமான முனையில் உடைத்துச் சாப்பிடுவதுதான் பழைய வழக்கம். ஒருநாள் இளவரசர் ஒருவர், சிறுவனாக இருந்தபோது, அப்படி உடைக்கையில் விரலை வெட்டிக்கொண்டார். உடனே அவருடைய தந்தையான பேரரசர் ஒரு கட்டளை போட்டார். இனிமேல் எல்லோரும் முட்டையைச் சிறிய முனையில்தான் உடைக்க வேண்டும். மீறினால் தண்டனை!

மக்கள் கொதித்துப் போனார்கள். ஆறு முறை கலகம் வெடித்தது. ஒரு பேரரசர் உயிரை இழந்தார். இன்னொருவர் கிரீடத்தை இழந்தார். சிறிய முனையில் உடைப்பதைவிடச் சாவதே மேல் என்று 11,000 பேர் உயிரை விட்டார்கள். இதைப்பற்றி நூற்றுக்கணக்கான தடிமனான புத்தகங்கள் எழுதப்பட்டன. பெரிய முனைக்காரர்களின் புத்தகங்கள் தடை செய்யப்பட்டன. அவர்களுக்கு வேலையும் கிடையாது. பலர் பக்கத்துத் தீவான பிளெஃபஸ்குவுக்குத் தப்பி ஓடினார்கள். அந்தத் தீவு அவர்களுக்கு ஆதரவு கொடுத்தது. அவ்வளவுதான், இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. லில்லிபுட் மட்டும் 40 பெரிய கப்பல்களையும், 30,000 வீரர்களையும் இழந்தது.

இத்தனைக்கும் அவர்களுடைய புனித நூலில் என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? அவரவருக்கு வசதியான முனையில் உடைக்கலாம் என்றுதான்!

ஒரு சிறுவனின் விரலில் பட்ட கீறல் எங்கே, முப்பதாயிரம் உயிர்கள் எங்கே! இங்கிலாந்தும் பிரான்சும் போட்ட நீண்ட போர்களையும், ஒரே மதத்தின் இரு பிரிவினர் போட்ட சண்டைகளையும் மனதில் வைத்துத்தான் ஸ்விஃப்ட் இப்படி எழுதினார். உண்மையான சண்டைக்குள் நிற்பவர்களுக்கு அது மலைபோலப் பெரிதாகத் தெரியும். அதையே 15 செ.மீ. மனிதர்கள் போடும்போது, மேலிருந்து பார்க்கும் நமக்கு அதன் அற்பத்தனம் பளிச்சென்று தெரிகிறது.

மாட்டேன் என்ற கலிவர்

இந்தப் போரில் கலிவர் என்ன செய்தார்?

பிளெஃபஸ்கு தீவு படையெடுக்கத் தயாராக இருந்தது. கலிவர் கடலில் இறங்கிப் போய், எதிரிகளின் 50 போர்க்கப்பல்களைக் கொக்கி போட்டுக் கயிற்றில் கட்டி, பொம்மை வண்டிபோல இழுத்து வந்துவிட்டார். லில்லிபுட் முழுவதும் கொண்டாட்டம்! கலிவருக்குப் பெரிய பட்டமும் கிடைத்தது.

ஆனால், பேரரசருக்கு ஆசை அடங்கவில்லை. மிச்சமிருக்கும் கப்பல்களையும் இழுத்து வரச் சொன்னார். பிளெஃபஸ்குவை அடிமை நாடாக்கி, உலகத்தில் எல்லோரையும் சிறிய முனையிலேயே முட்டை உடைக்க வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கலிவர் மறுத்துவிட்டார். படையெடுப்பைத் தடுக்க உதவியவர், சுதந்திரமாக வாழும் மக்களை அடிமையாக்க உதவ மாட்டேன் என்று உறுதியாக நின்றார்.

அதற்குக் கிடைத்த பரிசு? துரோகி என்ற பட்டம். அவர் கண்களைக் குருடாக்கத் தீர்ப்பானது. செய்தி தெரிந்து கலிவர் பிளெஃபஸ்குவுக்குத் தப்பிப் போய், அங்கிருந்து ஒரு படகில் ஊர் திரும்பினார்.

சமாதானம் பேசுபவரைத்தான் இரு பக்கமும் சந்தேகப்படும். நண்பர்கள் இருவருக்கு நடுவே சமாதானம் பேசிப் பார்த்துத் தோற்றவர் அல்லவா ஸ்விஃப்ட்? அந்த வலி அவருக்குத் தெரியும்.

ஏழைகளுக்கு ஒரு வீடு

எழுத்தில் முள்ளாகக் குத்திய ஸ்விஃப்ட், வாழ்க்கையில் ஈர நெஞ்சுக்காரர். வருமானத்தில் பெரும் பகுதியைத் தானமாகக் கொடுத்தார். டப்ளினில் சிறு தொழில் செய்யும் ஏழைகளுக்கு வட்டியில்லாமல் சிறு சிறு கடன்கள் கொடுத்தார். அவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டலாம். அந்தப் பணம் அடுத்த ஏழைக்குப் போகும். 1726-ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது, டப்ளின் மக்கள் மணிகளை ஒலித்தும் தீ மூட்டியும் அவரை வரவேற்றார்கள்.

ஆனால், முதுமை அவருக்கு இனிமையாக இல்லை. இளம் வயதிலிருந்தே அவருக்குத் தலைசுற்றலும் காது கேளாமையும் அடிக்கடி வந்து வாட்டின. உட்காதைப் பாதிக்கும் மெனியர் நோய் அது என்று பிற்கால மருத்துவர்கள் கருதுகிறார்கள். 1728-ஆம் ஆண்டு தோழி எஸ்தர் இறந்தார். கடைசி ஆண்டுகளில் ஸ்விஃப்டின் நினைவாற்றலே போய்விட்டது. 1742-ஆம் ஆண்டு அவரைக் கவனித்துக்கொள்ளக் காப்பாளர்களை நியமித்தார்கள். 1745-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி, 77 வயதில் அவர் காலமானார். செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தில், எஸ்தரின் அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

நோய் முற்றுவதற்கு முன்பே அவர் ஓர் உயில் எழுதி வைத்திருந்தார். அதன்படி, அவர் சேர்த்த பணம் மனநோயாளிகளுக்கு மருத்துவமனை கட்டக் கொடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் மனநோயாளிகளைப் பார்த்து ஊரார் கேலி செய்து சிரிப்பது சாதாரணமாக இருந்தது. கேலியில் மன்னரான ஸ்விஃப்ட், அவர்களுக்கு ஒரு வீடு அமைத்துக் கொடுத்தார். 1757-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த செயின்ட் பேட்ரிக் மருத்துவமனை, டப்ளினில் இன்றும் இயங்குகிறது.

இன்றும் வாழும் முட்டை

ஸ்விஃப்ட் இறந்த பிறகும் அவருடைய கற்பனை ஓயவில்லை. 1803-ஆம் ஆண்டு, ஜேம்ஸ் கில்ரே என்ற புகழ்பெற்ற கார்ட்டூன் ஓவியர் ஒரு படம் வெளியிட்டார். அதில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மிகப் பெரிய உருவமாக நிற்பார். பிரான்சின் நெப்போலியன் சுண்டுவிரல் அளவுக் குட்டி மனிதராக அவர் உள்ளங்கையில் நிற்பார். கலிவர் கதையில் வரும் ராட்சதர்களின் ராஜாவையும் கலிவரையும் வைத்துத்தான் படத்துக்குப் பெயர் சூட்டியிருந்தார் கில்ரே.

இன்னொரு ஆச்சரியம் கணினி உலகில் இருக்கிறது. கணினி ஒரு பெரிய எண்ணைத் துண்டு துண்டாகத்தான் சேமித்து வைக்கும். எண்ணின் பெரிய முனையை முதலில் வைப்பதா, சிறிய முனையை முதலில் வைப்பதா? இதில் பொறியாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, டேனி கோஹென் என்ற கணினி அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். இரு கட்சிகளுக்கும் ஸ்விஃப்டின் முட்டைக் கட்சிகளின் பெயர்களையே வைத்தார். எந்த முனை என்பதைவிட, எல்லோரும் ஒரு முறையை ஒப்புக்கொள்வதுதான் முக்கியம் என்று அதில் வேண்டிக்கொண்டார். இன்றும் உலகம் முழுவதும் கணினிப் பொறியாளர்கள் அந்தப் பெயர்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்!

சரி குட்டீஸ், கடைசியாக ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முட்டைப் போர்க் கதையில் ஸ்விஃப்ட் எந்த எதிரியின் பெயரையும் எழுதவில்லை. சண்டையின் காரணத்தை மட்டுமே எழுதினார். சோதிடரைக் கேலி செய்தபோது ஒரு மனிதர் தலை குனிந்தார். முட்டையைச் சொல்லிக் கேலி செய்தபோது, படித்தவர்கள் எல்லோரும் தங்களையே நினைத்துச் சிரித்துக் கொண்டார்கள். அதனால்தான் இன்றும் நமக்கு அது சலிக்கவில்லை.

அடுத்த முறை நண்பனோடு டூ விட்டால், ஒரு காகிதத்தில் அந்தக் கார்ட்டூன் புழுதி மண்டலத்தை வரையுங்கள். மேலே நண்பனின் பெயரை எழுதி, வகுப்பில் சுற்றுக்கு விடாதீர்கள். சண்டையின் காரணத்தை மட்டும் எழுதுங்கள். ஜன்னலோர இடம், இரவல் வாங்கிய பேனா, கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா... எதுவாக இருந்தாலும் சரி.

எழுதிய காரணம் முட்டை அளவுக்குத்தான் இருந்தால், காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் நண்பனிடமே காட்டுங்கள். இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, விளையாடப் போய்விடலாம்!